அண்ணனின் அறிக்கையில் ‘குரோமோஃபோப்’ என்றிருக்கிறது: சிறுநீரகப் புற்றுநோயின் வகைகள் குறித்து ஒரு கேள்வி

மூன்றாம்பிறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு வலது சிறுநீரகத்தில் இருந்த கட்டியை மட்டும் வெட்டியெடுத்து, மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். நோயியல் அறிக்கை இப்போது கைக்கு வந்திருக்கிறது. “குரோமோஃபோப் ரீனல் செல் கார்சினோமா, 5.2 செ.மீ., பிடி1பி, வெட்டு விளிம்புகளில் கட்டி இல்லை” என்று அதில் எழுதியிருக்கிறார்கள். இனி மருந்து எதுவும் தேவையில்லை, சொல்லும் நேரத்தில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தால் போதும் என்று அறுவை மருத்துவர் கூறிவிட்டார்.

எங்கள் உறவினர் ஒருவருக்கும் சிறுநீரகப் புற்றுநோய்தான். அவருடைய அறிக்கையில் ‘கிளியர் செல், கிரேடு 3’ என்றிருந்தது. அறுவைக்குப் பிறகு அவருக்கு ஓராண்டு காலம் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஒரே உறுப்பில் வந்த ஒரே நோய்க்கு ஒருவருக்கு ஓராண்டு மருந்து, இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை என்றால், அண்ணனுக்கு ஏதோ விடுபட்டுப்போகிறதோ என்று வீட்டில் எல்லோருக்கும் கலக்கமாக இருக்கிறது. அண்ணனின் அறிக்கையில் கிரேடு என்ற வரியே இல்லை என்பது இன்னொரு சந்தேகம். அதை எழுத மறந்துவிட்டார்களா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நுண்ணோக்கிக்காரன் எழுதியது:

நான் நோயியல் துறையில் பணிபுரிகிறவன். இரண்டாவது சந்தேகத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது எளிது. கிரேடு மறந்துபோனதல்ல, வேண்டுமென்றே எழுதப்படாதது. சிறுநீரகக் கட்டிகளுக்கு அவற்றின் முரட்டுத்தன்மையைக் குறிக்க 1 முதல் 4 வரை கிரேடு கொடுக்கும் முறையில், உயிரணுவின் கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் என்னும் சிறு புள்ளி எவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது என்பதுதான் முதல் மூன்று கிரேடுகளுக்கும் அளவுகோல். கிளியர் செல், பாப்பிலரி ஆகிய வகைகளில் இந்த அளவுகோல் நோயின் பின்னாளைய போக்கோடு நன்றாகப் பொருந்துகிறது. குரோமோஃபோப் வகையிலோ கரு இயல்பிலேயே சுருங்கி மடிந்து உலர்ந்த திராட்சையைப் போல இருக்கும். மிகச் சாதுவான கட்டியிலும் அது பார்ப்பதற்கு முரடாகத்தான் தெரியும். அந்தத் தோற்றத்தை வைத்துக் கிரேடு போட்டால் எல்லோரையும் காரணமில்லாமல் பயமுறுத்துவதாக முடியும் என்பதால், உலக சுகாதார அமைப்பின் வகைப்பாடு இந்த வகைக்குக் கிரேடு கொடுக்க வேண்டாம் என்கிறது. அதற்குப் பதிலாக, திசு அழுகல் இருக்கிறதா, சார்கோமடாய்டு மாற்றம் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்து எழுதுகிறோம். அண்ணனின் அறிக்கையில் அந்த வரிகளைத் தேடிப் பாருங்கள்.

இனி வகைகளுக்கு வருகிறேன். பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது அளவுக்கு ரீனல் செல் கார்சினோமா என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரத்தத்தை வடிகட்டியபின் நீரைச் சீர்செய்யும் நுண்குழாய்களின் சுவரிலிருந்து எழுபவை. அந்தக் குடும்பத்துக்குள் சுமார் 70 முதல் 75 விழுக்காடு கிளியர் செல். 10 முதல் 15 விழுக்காடு பாப்பிலரி. ஏறத்தாழ 5 விழுக்காடு குரோமோஃபோப். மீதியில் பல அரிய வகைகள் இருக்கின்றன.

இவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறானவை என்பது கட்டியை இரண்டாகப் பிளந்து மேசையில் வைத்த கணத்திலேயே தெரிந்துவிடும். கிளியர் செல் கட்டியின் வெட்டுமுகம் பொன்மஞ்சளாக, இடையிடையே இரத்தம் கசிந்த செந்திட்டுகளோடு இருக்கும். அந்த மஞ்சள், உயிரணுக்களுக்குள் தேங்கியிருக்கும் கொழுப்பின் நிறம். திசுவைப் பதப்படுத்தும்போது அந்தக் கொழுப்பும், கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையும் கரைந்து வெளியேறிவிடுவதால், கண்ணாடித் தகட்டில் உயிரணுக்கள் வெறும் கூடுகளாகத் தெளிந்து தெரிகின்றன. அவற்றைச் சுற்றி மெல்லிய இரத்தக்குழாய்கள் வலைப்பின்னலாக ஓடுகின்றன. குரோமோஃபோப் கட்டி வெளிர்பழுப்பாக, ஒரே சீராக இருக்கும். அதன் உயிரணுக்களின் எல்லைக்கோடு தடித்துத் தாவர உயிரணுவின் சுவரை நினைவூட்டும். 1985இல் தோனஸும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைத் தனி வகையாக விவரித்தார்கள். அதற்கு முன் இத்தகைய கட்டிகள் வேறு பெயர்களுக்குள் கலந்து கிடந்தன. பாப்பிலரி கட்டியில் உயிரணுக்கள் விரல்போன்ற நீட்சிகளின்மேல் வரிசையாகப் படர்ந்திருக்கும். பழைய அறிக்கைகளில் பாப்பிலரி டைப் 1, டைப் 2 என்று பிரித்திருப்பதைப் பார்க்கலாம். 2022ஆம் ஆண்டின் உலக சுகாதார அமைப்பு வகைப்பாடு அந்தப் பிரிவினையைக் கைவிட்டுவிட்டது, ஏனென்றால் டைப் 2 என்று ஒதுக்கப்பட்ட கட்டிகளில் பல, மரபணு அளவில் பார்த்தால் வேறு வேறு நோய்களாக இருந்தன.

உறவினருக்குக் கொடுத்த மருந்தைப் பற்றி மருந்துவழிச் சிகிச்சை தருபவர்கள் சொல்வதே முறை.

தணல் எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். நானும் கிளியர் செல் நோயாளிதான். இந்தக் குழுமத்தில் நெடுங்காலமாக இருக்கிறேன். வகைகளின் பெயர்களைப் பட்டியலிடுவது புதிதாக வருபவர்களை மேலும் குழப்புகிறது என்பது என் கருத்து. நோய் சிறுநீரகத்துக்குள் இருக்கிறதா, வெளியே போய்விட்டதா என்பதுதானே பிழைப்பையும் இறப்பையும் தீர்மானிக்கிறது? ஸ்டேஜ் தெரிந்தால் போதாதா? நோயாளிக்கு நுண்ணோக்கிப் பாடம் எதற்கு?

கடல்நாரை எழுதியது:

தணல் ஐயா சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். நான் புற்றுநோய் மருந்துச் சிகிச்சைத் துறையில் இருப்பவள். கட்டி சிறியதாக, சிறுநீரகத்துக்குள் அடங்கியிருக்கும் வரை எந்த வகையானாலும் பெரும்பாலும் சிகிச்சை ஒன்றுதான்: வெட்டியெடுப்பது, அல்லது சிலருக்குக் குளிராலோ வெப்பத்தாலோ கட்டியை அழிப்பது, மிகச் சிறியதாக இருந்து நோயாளி மூத்தவராக இருந்தால் கண்காணித்து வருவது. 4 செ.மீ. வரை டி1ஏ, 4க்கு மேல் 7 செ.மீ. வரை டி1பி (அண்ணனின் அறிக்கையில் ‘பிடி1பி’ என்றிருப்பது இதுதான்), 7ஐத் தாண்டியும் சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்தால் டி2, சிறுநீரகச் சிரைக்குள்ளோ சுற்றியுள்ள கொழுப்புக்குள்ளோ நுழைந்துவிட்டால் டி3, அதையும் சூழ்ந்திருக்கும் ஜெரோட்டா உறையைத் தாண்டிவிட்டால் டி4. இந்த அளவுகள் எல்லா ரீனல் செல் வகைகளுக்கும் பொது.

ஆனால் மருந்து என்ற பேச்சு எழுந்த உடனே வகை முன்னுக்கு வந்துவிடுகிறது. மூன்றாம்பிறையின் உறவினருக்குக் கொடுக்கப்பட்ட பெம்ப்ரோலிசுமாப், மீண்டும் வரும் அபாயம் மிகுந்த கிளியர் செல் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 2021 நவம்பரில் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. அந்த ஆய்வில் குரோமோஃபோப் வகை சேர்க்கப்படவே இல்லை. அது மட்டுமன்று, அண்ணனுக்கு வந்தது கிளியர் செல்லாகவே இருந்து, கட்டியும் இதே அளவில் அடங்கியிருந்திருந்தாலும், அந்த ஆய்வின் அளவுகோலுக்குள் அவர் வந்திருக்க மாட்டார். உறவினருடைய கட்டி அநேகமாகச் சிரைக்குள்ளோ கொழுப்புக்குள்ளோ சென்றிருக்கும். ஆகவே அண்ணனுக்கு எதுவும் விடுபடவில்லை. சிறுநீரகத்துக்குள் அடங்கிய நிலையில் முழுமையாக அகற்றப்பட்ட குரோமோஃபோப் கட்டி, ரீனல் செல் வகைகளிலேயே நல்ல போக்கு உடையவற்றுள் ஒன்று. நல்ல பலன் கிடைக்கும் என்று காட்டப்படாத மருந்தைப் போட்டுத் தைராய்டும் குடலும் பாதிக்கப்படும் அபாயத்தை ஏற்பதில் நியாயம் இல்லை.

கிளியர் செல்லுக்கு மட்டும் இவ்வளவு மருந்துகள் எப்படி வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வகையின் அருமை அங்கேதான் விளங்கும். மூன்றாம் குரோமோசோமின் குட்டைக் கிளையில் விஎச்எல் என்றொரு மரபணு இருக்கிறது, 1993இல் கண்டறியப்பட்டது. உடலில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது, எச்ஐஎஃப் என்னும் புரதத்தை அழிப்பதற்கு அடையாளம் இடுவது இந்த மரபணுவின் வேலை. பெரும்பாலான கிளியர் செல் கட்டிகளில் இது செயலிழந்து கிடக்கிறது. விளைவாக, எச்ஐஎஃப் அழியாமல் தேங்கிவிடுவதால், மூச்சுக்காற்று நிறைய இருந்தும் உயிரணு தனக்கு ஆக்சிஜனே இல்லை என்று நம்பி, புதிய இரத்தக்குழாய்களை வளர்க்கும் சமிக்ஞைகளை ஓயாமல் அனுப்புகிறது. மேலே நோயியல் நண்பர் சொன்ன அந்த வலைப்பின்னல் இதனால்தான். ஸ்கேன் படம் துலங்குவதற்கான மருந்தை ஏற்றியதும் இந்தக் கட்டி பளிச்சென்று ஒளிர்வதும் இதனால்தான். இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் சொராஃபெனிப் 2005 இறுதியிலும் சுனிட்டினிப் 2006இலும் வந்து இந்த நோயின் சிகிச்சையையே மாற்றின. உயிரணு ஆக்சிஜனை உணரும் வழியை விளக்கிய கேலின், ராட்கிளிஃப், செமன்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. எச்ஐஎஃப் புரதத்தையே நேரடியாகத் தடுக்கும் பெல்சுட்டிஃபான் 2021இல் பரம்பரை விஎச்எல் நோய்க்கும், 2023 டிசம்பரில் முற்றிய ரீனல் செல் நோய்க்கும் அங்கீகாரம் பெற்றது.

பாப்பிலரி வகையில் இந்தக் கதை செல்லாது. அங்கே எம்இடி என்னும் வேறொரு மரபணு பலருக்கு முக்கியமாக இருக்கிறது. அதனையும் தடுக்கும் கபோசான்டினிப், பரவிய பாப்பிலரி நோயில் சுனிட்டினிப்பைவிட நோயை நீண்ட காலம் கட்டுப்படுத்தியதை ஆய்வு காட்டியது. குரோமோஃபோப் பரவிவிட்டால், கிளியர் செல்லில் நன்கு வேலை செய்யும், பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகள் அதில் பெரும்பாலும் ஏமாற்றத்தையே தருகின்றன. எனவே, தணல் ஐயா, பரவிய நோய் உள்ளவரிடம் ஸ்டேஜை மட்டும் சொல்லி ‘எனக்கு இந்த மருந்து கேட்டது, உனக்கும் கேட்கும்’ என்று இந்தக் குழுமத்தில் அறிவுரை கூறுவது எவ்வளவு தவறாகப் போகலாம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தணல் எழுதியது:

மருந்தைப் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் இருவருமே ‘சார்கோமடாய்டு’ என்பதைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். என் அறிக்கையில் அந்தச் சொல் இருந்தது. அதுவும் ஒரு வகையா?

நுண்ணோக்கிக்காரன் எழுதியது:

வகை அன்று. எந்த வகையான ரீனல் செல் கட்டியிலும் ஒரு பகுதி தன் அடையாளத்தை இழந்து, நீண்ட கதிர்வடிவ உயிரணுக்களாக மாறிவிடுவதைச் சார்கோமடாய்டு என்கிறோம். கிளியர் செல்லில் அது இருந்தால் உடனே கிரேடு 4. அறிக்கையில் “கிளியர் செல், சார்கோமடாய்டு கூறுடன்” என்று எழுதியிருக்கும். முதலில் வருவது வகை, பின்னால் வருவது அது எடுத்திருக்கும் வடிவம். இது முரட்டுப் போக்கின் அடையாளம் என்பது உண்மைதான். ஆனாலும் பரவிய நிலையில் நிவோலுமாப், இபிலிமுமாப் ஆகிய நோயெதிர்ப்பு மருந்துகள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, சார்கோமடாய்டு கூறு உள்ளவர்களுக்கு நல்ல பலன் கிடைத்தது. பழைய கட்டுரைகளைப் படித்து மனம் தளர்ந்தவர்கள், அவற்றில் பல இந்த மருந்துகள் வருவதற்கு முன் எழுதப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆவாரை எழுதியது:

என் அம்மாவுக்கும் சிறுநீரகத்தில்தான் கட்டி. ஆனால் அறிக்கையில் நீங்கள் சொன்ன பெயர்கள் எவையும் இல்லை. ‘ஹை கிரேடு யூரோதீலியல் கார்சினோமா, ரீனல் பெல்விஸ்’ என்றிருக்கிறது. சிறுநீரகத்தோடு, சிறுநீர் இறங்கும் குழாய் முழுவதையும், பையின் ஒரு சிறு பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்கிறார்கள். கீமோதெரபியும் பேசப்படுகிறது. இங்கே யாருக்குமே கீமோ கொடுத்ததாகத் தெரியவில்லையே?

கடல்நாரை எழுதியது:

அம்மாவுக்கு வந்திருப்பது இடத்தால் சிறுநீரகப் புற்றுநோய். இயல்பால் அது சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் உடன்பிறப்பு. நுண்குழாய்கள் உருவாக்கிய சிறுநீர் வந்து சேரும் உட்புனலான பெல்விஸ், அங்கிருந்து கீழிறங்கும் குழாய், பை ஆகிய அனைத்துக்கும் உள்ளே ஒரே விதமான உறைதான் தொடர்ச்சியாக இருக்கிறது. அந்த உறையில் ஓரிடத்தில் நோய் வந்தால், அதே பாதையில் இன்னோரிடத்திலும் தோன்றுவது இந்த நோயின் வழக்கம். அதனால்தான் குழாயை மிச்சம் வைக்காமல் பைக்குள் அது திறக்கும் வாய்ப்பகுதியோடு எடுக்கிறார்கள். பிறகும் பையை உள்நோக்கிக் கருவியால் பார்த்து வரச் சொல்வார்கள். அந்த அழைப்புகளைத் தவறவிடாதீர்கள்.

ரீனல் செல் வகைகள் வழக்கமான கீமோதெரபிக்குப் பெரும்பாலும் மசிவதில்லை; யூரோதீலியல் மசியும். சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துகள் இதற்கு அடிப்படை. ஒரு சிறுநீரகம் போனபின் மற்றது தனியாகச் சிஸ்பிளாட்டினைத் தாங்குமா என்ற கேள்வி எழுவதால், கீமோவை அறுவைக்கு முன்பே கொடுப்பதா, பின்பா என்று மருத்துவர்கள் கலந்து பேசுவார்கள். அந்தக் கேள்வியை நீங்களே எழுப்பலாம். அம்மாவுக்கோ நெருங்கிய உறவினருக்கோ பெருங்குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் இருந்ததா என்பதையும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் லிஞ்ச் நோய்க்குறி என்னும் பரம்பரைக் குறைபாட்டில் இவை ஒரே குடும்பத்தில் வருகின்றன.

ஆலங்காற்று எழுதியது:

இந்த இழையைப் படித்த பிறகு எனக்கு ஒரு கோபம் வருகிறது. வகை இவ்வளவு முக்கியம் என்றால், வெட்டுவதற்கு முன்பே ஊசி போட்டுத் திசு எடுத்து அதைத் தெரிந்துகொண்டிருக்கலாமே? எனக்கு 3 செ.மீ. கட்டி. எடுத்த பிறகு ‘ஆன்கோசைட்டோமா, புற்றுநோய் அல்ல’ என்று அறிக்கை வந்தது. மகிழ்ச்சியா, வருத்தமா என்றே தெரியவில்லை.

நுண்ணோக்கிக்காரன் எழுதியது:

உங்கள் கோபம் நியாயமானதுதான். 4 செ.மீ.க்குட்பட்ட சிறுநீரகக் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தீங்கற்றது. ஆனால் ஆன்கோசைட்டோமாதான் எங்களுக்கே மிகுந்த தலைவலி கொடுக்கும் கட்டி. நடுவில் நட்சத்திர வடிவ வடு, செம்பழுப்பு நிறம் என்று அடையாளங்கள் உண்டு. ஸ்கேனில் அந்த வடு தெரிந்தாலும், குரோமோஃபோப்பிலும் பிறவற்றிலும் அது தெரியலாம். ஊசியில் வரும் நூலளவுத் திசுவில் ஆன்கோசைட்டோமாவையும், குரோமோஃபோப்பின் ஒரு துணைவடிவத்தையும் பிரித்தறிவது சில வேளைகளில் இயலாமலே போகும். அப்போது ‘ஆன்கோசைட்டிக் கட்டி, மேற்கொண்டு வகைப்படுத்த இயலவில்லை’ என்றுதான் எழுத முடியும். அந்த வரியைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் குறைவு. கொழுப்பு நிறைந்த ஆஞ்சியோமயோலிப்போமா என்னும் தீங்கற்ற கட்டிக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை; ஸ்கேனிலேயே கொழுப்பு தெரிந்துவிடும்.

கடல்நாரை எழுதியது:

நோயியல் நண்பரோடு இங்கே எனக்குச் சற்றுக் கருத்து வேறுபாடு உண்டு. ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்ற அச்சத்தால் நெடுங்காலம் சிறுநீரகப் பயாப்ஸி தவிர்க்கப்பட்டது. உறையூசி வழியாகத் திசு எடுக்கும் இன்றைய முறையில் அப்படி நடப்பது மிக அரிது. விடை கிடைக்காமல் போகும் வாய்ப்பு இருந்தாலும், தெளிவான விடை கிடைப்பவர்களே மிகப் பெரும்பாலோர். வயதானவர், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர், கண்காணிப்பா அறுவையா என்று தயங்குபவர் ஆகியோருக்கு முன்கூட்டியே பயாப்ஸி செய்வதை நான் வற்புறுத்துவேன். குளிராலோ வெப்பத்தாலோ அழிப்பதற்கு முன்னும், பரவிய நோயில் மருந்து தொடங்குவதற்கு முன்னும் அது கட்டாயம் வேண்டும். எந்த விடை வந்தாலும் அறுவைதான் என்று முடிவான, நலமான இளையவருக்கு மட்டுமே அது அவசியமற்றது. பெல்விஸ் கட்டியில் ஊசி வெளியிலிருந்து போடப்படுவதில்லை என்பதையும் ஆவாரைக்காகக் குறிப்பிடுகிறேன்; அங்கே சிறுநீர்ப் பாதை வழியாகவே உள்நோக்கியை அனுப்பித் திசு எடுப்பார்கள்.

பனிமலர் எழுதியது:

குழந்தைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் அக்கா மகளுக்கு நான்கு வயது. வில்ம்ஸ் கட்டி என்கிறார்கள். மேலே எழுதியிருப்பது அவளுக்கும் பொருந்துமா?

கடல்நாரை எழுதியது:

ஏறக்குறைய எதுவுமே பொருந்தாது, அம்மா. அது நல்ல செய்தியும்கூட. 1899இல் இதைப் பற்றி விரிவாக எழுதிய மாக்ஸ் வில்ம்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் வழங்கும் இந்தக் கட்டி, கருவில் சிறுநீரகம் உருவானபோதே முதிர்ந்திருக்க வேண்டிய உயிரணுக்கள் முதிராமல் தங்கிவிட்டதால் வருவது. இது கீமோதெரபிக்கு நன்றாகக் கரைகிறது. அறுவையும் கீமோவும், தேவையானவர்களுக்குக் கதிர்வீச்சும் சேர்ந்து, இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் அளவுக்குப் பிழைக்கிறார்கள். சில நாடுகளில் முதலில் கீமோ, பிறகு அறுவை. சில இடங்களில் முதலில் அறுவை. இரண்டும் நிறுவப்பட்ட வழிகளே என்பதால், எந்த வரிசை என்று கவலைப்பட வேண்டாம். குழந்தைப் புற்றுநோய்க்கென்று உள்ள குழுவிடம் அவள் சிகிச்சை பெறுகிறாளா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மூன்றாம்பிறை எழுதியது:

இத்தனை பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. அறிக்கையில் ‘திசு அழுகல் இல்லை, சார்கோமடாய்டு கூறு இல்லை’ என்ற வரிகளைக் கண்டுபிடித்துவிட்டேன். கடைசியாக ஒன்று: அண்ணனுக்கு 41 வயதுதான். எனக்கும் தங்கைக்கும் இது வருமா?

நுண்ணோக்கிக்காரன் எழுதியது:

பெரும்பாலான சிறுநீரகப் புற்றுநோய்கள் பரம்பரையாக வருவதில்லை. இருப்பினும் 46 வயதுக்குள் வந்தாலோ, இரண்டு பக்கமும் வந்தாலோ, ஒரே சிறுநீரகத்தில் பல கட்டிகள் இருந்தாலோ மரபணு ஆலோசனை பெறுவது நல்லது என்பது இன்றைய வழிகாட்டல். அண்ணன் அந்த வயது வரம்புக்குள் வருகிறார். இங்கேயும் வகைதான் வழிகாட்டுகிறது. கிளியர் செல் என்றால் விஎச்எல் மரபணுவையும், பாப்பிலரி என்றால் எம்இடி மரபணுவையும் முதலில் எண்ணுவோம். எஃப்எச் என்னும் மரபணு பழுதானால் வருவது எல்லாவற்றிலும் முரடானது. தோலிலும் கருப்பையிலும் தசைக்கட்டிகள் உள்ள குடும்பங்களில் அது தென்படும், கட்டி சிறியதாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். குரோமோஃபோப் என்றால் நாங்கள் நினைப்பது, 1977இல் பர்ட், ஹாக், டூபே என்னும் மூன்று மருத்துவர்கள் விவரித்த நோய்க்குறியை. எஃப்எல்சிஎன் என்னும் மரபணுவில் பழுது உள்ள இவர்களுக்கு முகத்திலும் கழுத்திலும் வெளிர்நிறச் சிறு பருக்கள் இருக்கும், நுரையீரலில் நீர்க்குமிழி போன்ற காற்றுப்பைகள் இருக்கும், சிலருக்குத் திடீரென்று நுரையீரல் சுருங்கிவிடும்.

ஆகவே அண்ணனின் முகத்தையும், முன்பு எடுத்த மார்பு ஸ்கேன் இருந்தால் அதையும், குடும்பத்தில் யாருக்காவது காரணமில்லாமல் நுரையீரல் சுருங்கியதா என்பதையும் மருத்துவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். முதலில் அண்ணனுக்குத்தான் பரிசோதனை. அவரிடம் பழுது காணப்பட்டால், உங்களுக்கும் தங்கைக்கும் அது இருக்கும் வாய்ப்பு தனித்தனியே பாதிக்குப் பாதி, அப்போது இருவரும் பரிசோதித்துக்கொள்ளலாம். அவரிடம் இல்லை என்றால், உங்கள் இருவருக்கும் அந்த மரபணுவுக்காகச் சோதனை தேவைப்படாது.